இரண்டாம் கியர் வளைவுகள்

எம்பிலிப்பிட்டியவில் 5கே என்று சொன்னால் யாருக்கும் காரின் ஞாபகம் வராது. அது வேன் இஞ்சின். லைட் ஏஸ், டவுன் ஏஸ் வேன்களில் முன் சீட்டைத் தூக்கினால் கீழே குந்தியிருப்பது. ஸ்கூல் பிள்ளைகள், கலியாணக் கூட்டம், கதிர்காமத்துக்குப் போகிற குடும்பங்கள் என்று எத்தனையோ வருசமாக இழுத்துக் களைக்காத சாதனம். அதை எங்கள் பழைய ஸ்டார்லட்டுக்குள் இறக்குவதென்று முடிவானபோது அக்கா மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவன் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு.

அவன் கேட்டது 4ஏ-ஜிஇ. நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, மேலே இரட்டை கேம், 1587 சிசி. எண்பதுகளின் கொரொல்லா லெவின், ட்ரூனோ கார்களில் வந்து உலகமெல்லாம் பிள்ளைகளைப் பைத்தியமாக்கிய இஞ்சின். ஜப்பானில் கழித்த கார்களை முன்பாதி மட்டும் அறுத்துக் கப்பலேற்றுவார்கள். அந்த ‘ஹாஃப் கட்’ கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் வந்து இறங்கும். “மாமா, இந்த பொடிக்கு அதுதான் இஞ்சின். அயர்லாந்துல ரேலி ஓடுறவன் எல்லாம் இதே காருல அதத்தான் போடுறான்” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. எங்களுடையது கே.பி. 61. டொயோட்டா 1978இலிருந்து 1984 வரை செய்த ஸ்டார்லட். அதற்கடுத்து வந்த ஸ்டார்லட்டுகளெல்லாம் முன்சக்கரத்தால் இழுபடுகிறவை. இதுதான் பின்சக்கரம் தள்ளுகிற கடைசி வகை. சின்ன உடம்பு, பாரமும் இல்லை. காரோட்டம் தெரிந்த பொடியன்கள் இதைத் தேடித் திரிவதன் காரணம் அதுதான்.

ஆனால் 4ஏ-ஜிஇ உள்ளே போக வேண்டுமென்றால் கார் பாதி அழிந்து பிறக்க வேண்டும். இஞ்சின் மவுண்ட் புதிதாக வெட்ட வேண்டும். கியர் பொக்ஸ் வேறு, அதனால் பின்னால் போகிற ப்ரொப் ஷாஃப்டை அறுத்து நீளம் மாற்ற வேண்டும். காபரேட்டருக்கு மெதுவாகப் பெற்றோல் ஊட்டிய பம்ப் போதாது. அழுத்தமாக அடிக்கிற பம்பும், மிஞ்சிய பெற்றோல் டாங்கிக்குத் திரும்பி வர இன்னொரு குழாயும் வேண்டும். கம்பியூட்டர் பெட்டிக்கு ஒரு கட்டு வயர். இவ்வளவும் செய்த பிறகு அதை எங்கே ஓட்டுவது? தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஓட்டலாம் என்பது அவன் கனவு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே பந்தயக் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேர் செத்துப் போனதற்குப் பிறகு, அக்கா அந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லை.

பாஸ்தான் வழக்கைத் தீர்த்து வைத்தார். எம்பிலிப்பிட்டியவில், சந்திரிகா வாவிக்குப் போகிற பக்கம் அவருடைய கராஜ். அவருடைய தகப்பன்தான் முந்தி எங்கள் காருக்கு பாஸ். மகனும் இப்போது கிழவர். பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மல்லி, சொந்தக்காரன் இருக்கக்குள்ள அசலூர்ல பொண்ணு தேடுறது என்னத்துக்கு?” என்றார், தெரிந்த தமிழில்.

சொந்தம் என்று அவர் சொன்னது மெய். 1966இல் முதல் கொரொல்லாவுக்காக டொயோட்டா செய்த 1077 சிசி கே இஞ்சினின் வம்சம்தான் இதெல்லாம். 3கே, 4கே, 5கே என்று வளர்ந்தது. எங்கள் காரில் இருந்த 4கேயில் சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 73. நாலு சிலிண்டருக்கும் கூட்டினால் 1290 சிசி. 5கேயிலும் அதே 73தான். விட்டம் மட்டும் 80.5. ஐந்தரை மில்லிமீற்றர் அகலம் கூடியதில் 1486 சிசி ஆகிவிட்டது. பழைய மவுண்டிலேயே உட்காரும். பழைய கியர் பொக்ஸை அப்படியே கவ்விக்கொள்ளும். கீழே இருக்கிற எண்ணெய்த் தொட்டி மட்டும் வேனுக்கென்று வேறு விதமாகச் செய்தது, காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். அதைக் கழற்றிவிட்டு, எங்கள் 4கேயின் தொட்டியையும் எண்ணெய் உறிஞ்சுகிற குழாயையும் அதில் பூட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்ததே சுற்றுவழியில். 1977இல் அரசாங்கம் மாறி இறக்குமதிக் கதவு திறக்கும் வரை எங்கள் பக்கத்து றோட்டில் ஓடியவை மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன். தோட்டத்துத் தொரைமாருக்கு லேண்ட் ரோவரோ மினியோ. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள், அல்லது அதையொட்டி வந்தவை. உதிரிப்பாகம் இல்லாமல் லேத்தில் கடைந்தும் ஒட்டுப்போட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்த பிறகு ஜப்பான் கார்கள் வந்து விழுந்தன. எம்பிலிப்பிட்டிய முதலாளி ஒருவர் ஹயருக்கு விடுவதற்கென்று இந்த ஸ்டார்லட்டை எடுத்தார். இறக்குவானைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். கார் கிழடு தட்டிய காலத்தில் அப்பாவே அதை அவரிடம் தவணைக்கு வாங்கிக்கொண்டார். நம்பர் தகட்டில் நடுவில் சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்த எழுத்துக்காக வடக்கில் தார் பூசினார்கள், தெற்கில் பதிலுக்குப் பூசினார்கள், மலையிலும் அது எரிந்தது. எங்கள் காலத்தில் அது வெறும் நம்பர். அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்கும் சேர்த்துத்தான் சந்தனம் வைப்பார்.

பின்கதவு மேலே தூக்குகிற காரை லயத்து ஆட்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அது என்ன வசதி என்பது முதல் பிரசவத்தில் தெரிந்தது. பின் சீட்டை மடித்து, பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் கம்பளியை விரித்தால் நோயாளியைப் படுத்தபடியே ஏற்றலாம். மொரிஸ் மைனரில் உட்காரத்தான் முடியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கைவிரித்தால் இறக்குவானை ஆஸ்பத்திரி. அங்கேயும் முடியாவிட்டால் எம்பிலிப்பிட்டியவோ இரத்தினபுரியோ. எங்கள் தோட்டத்தில் எனக்குச் சற்று இளையவர்களில் சிலர் அந்தப் பலகையில் பிறக்கப் பார்த்தவர்கள்.

பலகையைக் கழற்றிவிட்டால் அதே இடத்தில் டிரங்குப் பெட்டிகள். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எண்பதுகளின் தொடக்கத்திலும் போய்க்கொண்டுதான் இருந்தன. ஓப்பநாயக்க வரை வந்த சின்ன ரயில் எழுபதுகளிலேயே நின்றுவிட்டதால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் றோட்டு வழிதான். அங்கிருந்து தலைமன்னார் ரயில், பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல். முன் சீட்டில் குடும்பத் தலைவர், பின்னால் மிச்சப் பேர், கூரையில் அம்மியைக் கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. இந்தியாவில் அம்மி கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பினால் அன்றிரவு அப்பா சாப்பிடமாட்டார், காரைக் கழுவுவார். 1984இல் கப்பல் நின்ற பிறகு அந்த ஹயரும் நின்றது.

எம்பிலிப்பிட்டியப் பக்கத்து ஹயரே வேறு மாதிரி. மலையிலிருந்து இறங்கினால் அது வேறு நாடு. வெக்கை. உடவளவை அணை கட்டி முடித்த பிறகு வாய்க்கால் ஓடி, காடாகக் கிடந்த இடமெல்லாம் வயல். 1978இல் காகித ஆலை திறந்தார்கள். வைக்கோலிலிருந்து கடுதாசி செய்கிற ஆலை. அறுவடை முடிந்தால் வைக்கோல் ஏற்றிய வண்டிகள் றோட்டை மறித்துக்கொண்டு நகரும். பின்னால் போகிறவன் முகமெல்லாம் தூசு. ஆலையில் வேலைக்கு வந்த ஆட்களை அப்பா ஏற்றி இறக்கியிருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்து அப்பியாசக் கொப்பியின் பழுப்புத் தாள் அங்கிருந்து வந்தது என்று அவர் சொல்வார், எனக்குப் பெருமையாக இருக்கும். பிறகு ஆலையும் படுத்தது. கீழே இருந்து ஏற்றி வந்தவற்றில் எனக்குப் பிடித்தது எருமைத் தயிர்ச் சட்டி. மண்சட்டி நாலைந்தைக் கயிற்றில் கோத்து, பின்கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஆடாமல் இறுக்கி வைப்பார். வளைவில் சட்டி உரசுகிற சத்தத்தை வைத்தே வேகத்தைக் குறைப்பார்.

அந்தப் பாதை முழுவதையும் அப்பா கியரால்தான் தெரிந்து வைத்திருந்தார். ஊர்ப் பேர் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். எம்பிலிப்பிட்டியவிலிருந்து பல்லேபெத்த வரை டாப். கொடகவெல தாண்டினால் மூன்றுக்கும் நாலுக்கும் இழுபறி. மாதம்பைச் சந்தியில் இறக்குவானைப் பக்கம் திரும்பினால் மூன்று. அதற்கு மேல் ஏற்றத்தில் ஆள் இருந்தால் இரண்டு, ஆள் இல்லாவிட்டால் மூன்றில் கொஞ்சம் உறுமிப் பார்க்கலாம். தோட்டத்துப் பாதையில் ஏறிவிட்டால் இரண்டும் ஒன்றும் மட்டும். இறக்குவானைக்கு மேலே தெனியாயப் பக்கம் போகிற புளுத்தொட்டக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசினால், வளைவுக்கு ஒரு பேர் வைத்திருப்பார். கொதிக்கிற வளைவு, தண்ணி ஊத்துற வளைவு, கண்டக்டர் இறங்குற வளைவு. 1290 சிசிக்கு என்ன முடியுமோ அதுதான் அவருடைய பூகோளம்.

இரண்டாம் கியரில் கார் ஏறும்போது மனிதன் ஓடினால் கூடவே வரலாம். ஓடி வருவார்கள். கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டிய அக்காமார் ஓரத்தில் நின்றபடி, “அண்ணே, வரும்போது அம்மாவுக்கு அந்த வலி எண்ணெ” என்பார்கள். காரை நிறுத்த வேண்டியதில்லை. கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டிக் காசை வாங்கிக்கொள்வார். அடுத்த வளைவில் கணக்கப்பிள்ளை வீட்டு நாய், அதற்கடுத்த வளைவில் கோயில் மணிக்கூண்டு, பிறகு காட்டு மல்லிகைப் புதர், பிறகு லயத்து முதல் காம்பரா. பின் சீட்டில் முழங்கால் போட்டு, பின்கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்த எனக்கு அந்த மலையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். இஞ்சினுக்குச் சக்தி போதாததால் எங்களுக்குப் பார்க்க நேரம் கிடைத்தது. வேறொரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டாப்பட் பார்க்கிற நாள். 4கேயில் வால்வை அமுக்குகிற ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விட வேண்டும். இஞ்சின் சூடாக இருக்கையில் உள்ளே காற்று எடுக்கிற வால்வுக்கு 0.20 மில்லிமீற்றர், புகை தள்ளுகிற வால்வுக்கு 0.30. அதற்கென்று மெல்லிய இரும்புத் தகடுகள் உண்டு. பழைய பாஸ் தகட்டை எடுத்து வைத்துக்கொள்வாரே ஒழியப் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார். ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எட்டு வால்வும் எட்டு விதமாகப் பேசும். ஒன்றை இறுக்கி, ஒன்றைத் தளர்த்தி, கடைசியில் எல்லாம் ஒரே சீராகத் தட்டும்போது தலையை ஆட்டுவார். அந்தச் சீரான டிக் டிக் எங்களுக்கு அவ்வளவு பழக்கம். இரவில் மலைக்குக் கீழே வேறு கார்கள் ஏறினாலும், எது அப்பாவுடையது என்று அம்மா படுத்தபடியே சொல்லி, அடுப்பில் தண்ணீர் வைக்க எழும்புவார்.

அந்தச் சத்தம் கேட்காத இரவுகளும் இருந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கமெல்லாம் அடித்தார்கள், லயங்களை எரித்தார்கள். கார் அப்போது எம்பிலிப்பிட்டியவில் முதலாளி வீட்டு முற்றத்தில் நின்றது. ‘நீ இறங்கி வராதே, நானும் காரை வெளியே எடுக்கமாட்டேன்’ என்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். அது அடங்கி இரண்டு வருசம் ஆவதற்குள் 1983 ஜூலை. சித்தப்பா குடும்பம் அதோடு வவுனியாவுக்குப் போனது. அவர்களை ஏற்றியது லொறி. இவ்வளவு சாமானுக்கு ஸ்டார்லட் போதாது என்று அப்பா சொன்னார். அதுதான் காரணமா என்று நான் பிறகு கேட்கவில்லை.

அதற்கடுத்த இருட்டு எம்பிலிப்பிட்டியவின் மேல் விழுந்தது. 1989 கடைசியிலும் 1990 தொடக்கத்திலும் அந்த ஊரின் பள்ளி மாணவர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். சிங்களப் பிள்ளைகள். பொழுது சாய்ந்தால் றோட்டில் ஒரு வாகனம் கிடையாது. மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தகப்பன்மாரை அப்பா பகலில் ஏற்றிப் போயிருக்கிறார். அந்த ஹயருக்குப் பெற்றோல் காசு மட்டும் வாங்குவார். 1994இல் சூரியகந்தையில் மனிதப் புதைகுழியைத் தோண்டினார்கள். அந்தப் பிள்ளைகள் அங்கேதான் என்று ஊர் நம்பியது. 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பள்ளி அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளாகத் தீர்த்தது. சூரியகந்தைக்கு வழி புளுத்தொட்டக் கணவாயால்தான். புதைகுழி தோண்டிய செய்திக்குப் பிறகு அப்பா அந்த வளைவுகளுக்குப் பேர் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டதில்லை.

அவர் போன பிறகு கார் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. அதைத் திரும்ப எழுப்பியவை இரண்டு தட்டுப்பாடுகள். 2020 மார்ச்சில் டொலர் இல்லையென்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி வரை எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்தப் பாவனைக்கு ஒரு கார் கொண்டுவர வழியில்லை. குப்பைக்குப் போக இருந்த பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. நடுவில் 2022இல் எரிபொருள் வரிசை. 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போன காலம். கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அக்கா மகன் கணக்குப் போட்டான். ஓடாத ஸ்டார்லட்டைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துப் போய் 20 லீற்றரை வாங்கி, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிக்கொண்டான். அப்படி இழுத்துப் போன வழியில்தான், கார் இன்னும் உருள்கிறது, ஸ்டியரிங் இன்னும் இளகுவாகத் திரும்புகிறது என்று அவன் கண்டுபிடித்தான். தட்டுப்பாடு நீங்கிய பிறகும் காரின் நினைப்பு அவனை விடவில்லை.

பொடி வேலை அவன் முதலாவதாகத் தொட்டது. கே.பி. 61இன் எமன் துரு. பின்சக்கர வளைவு, பின்கதவின் கீழ் விளிம்பு, காலடித் தகரம், முன்பக்க ஸ்ப்ரிங் தாங்குகிற கோபுரம். தட்டினால் தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது. டிங்கரிங் பாஸ் அழுகினதை அறுத்து, வேறு தகரம் வளைத்து வெல்டிங் அடித்தார். பூச்சை மட்டும் தடவி மூடிவிடுகிற வேலைக்கு அவர் கை வைக்கவில்லை, எங்களையும் விடவில்லை. பெயின்டைச் சுரண்டியபோது மேலே அப்பா அடித்த வெள்ளை, அதற்குக் கீழே முதலாளி காலத்துச் சாம்பல், அடியில் ஜப்பானில் அடித்த மாம்பழ மஞ்சள். அந்த மஞ்சளை நான் பார்த்ததே இல்லை. “மாமா, ஒரிஜினல் கலர்” என்று குதித்தான். எனக்கு ஒரிஜினல் வெள்ளைதான். கார் அவனுடையதாகப் போகிறது என்பதால் மஞ்சளே அடித்தோம்.

4கேயை வெளியே எடுத்த அன்று கராஜில் கூட்டம். சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டு அது வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன். இரண்டு பேர் கம்பு போட்டுத் தூக்கிப் போய் ஓரமாக மரக்கட்டைகளின் மேல் வைத்தார்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்த 5கே பக்கத்தில் கிடந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். தொட்டியை மாற்றி, கிளச் தட்டைப் புதிதாகப் போட்டு, மறுநாளே உள்ளே இறக்கிவிட்டார்கள். பாஸ் சொன்னபடி மவுண்ட் ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. பிறகுதான் மெனக்கெட்ட வேலை. பழைய காபரேட்டர் இந்த வயிற்றுக்குக் காணாது. ஜெட்டைப் பெரிதாக்கி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, திரும்பவும் மாற்றினார். ரேடியேட்டரை இன்னொரு வரி குழாய் வைத்துச் செப்பில் திரும்பக் கட்டுவித்தோம். எம்பிலிப்பிட்டிய வெயிலில் நின்றபடி இஞ்சின் ஓடினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது அக்கா மகன் கை தட்டினான். நான் பாஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் பழக்கத்தில் ஸ்க்ரூ ட்ரைவரைத் தேடி எடுத்து, ராக்கர் மூடியில் வைத்து, பிடியைக் காதுக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சிரித்துவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்குக் கிடைத்த 5கேயில் எண்ணெய் அழுத்தத்தில் தானே இடைவெளியை நிரப்பிக்கொள்கிற ஹைட்ரோலிக் லிஃப்டர். டாப்பட் வைக்க வேண்டாம், வைக்கவும் முடியாது. டிக் டிக் இல்லை. “நல்ல சாமான். எனக்கு வேலை இல்ல” என்றார்.

எழுத்து வேலை ஒன்று மிச்சம் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற இஞ்சின் நம்பர் வேறு, காரில் இருக்கிற நம்பர் வேறு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தாவிட்டால் என்றைக்காவது பொலிஸ் மறிக்கும்போதோ விற்கும்போதோ மாட்டிக்கொள்ள வேண்டும். இஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு, விண்ணப்பம், பரிசோதனை என்று அலைந்து அதையும் முடித்தான். புகைப் பரிசோதனையில் வேறு தேற வேண்டும், இல்லாவிட்டால் வருசத்து வருமான அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள். பாஸ் நிறம் பார்த்துப் பார்த்து வைத்த காபரேட்டர் அதில் கைவிடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, எம்பிலிப்பிட்டியவிலிருந்து வீட்டுக்கு ஏறினோம். பல்லேபெத்தவில் தேத்தண்ணி குடித்தோம். கொடகவெல வந்ததும் போனதும் தெரியவில்லை. டாப்பிலிருந்து கியர் இறங்கவே இல்லை. மாதம்பைச் சந்தியில் திரும்பி, மூன்றைப் போட்டவன் மூன்றிலேயே போனான். என் இடது கால் தரையில் கிளச் மிதிக்கிற மாதிரி ஒரு வளைவில் அழுந்தியது. அங்கே அப்பா இரண்டு போடுவார். இவன் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. 196 சிசி கூடியதன் அர்த்தம் அதுதான். தோட்டத்துப் பாதையில் மட்டும் ஒரு தடவை இரண்டுக்கு வந்தான். கணக்கப்பிள்ளை வீடு இருந்த இடத்தைக் காட்ட வாயைத் திறப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது.

நான் குறை சொல்லவில்லை. பிரசவ வலியோடு பலகையில் கிடந்தவளிடம் கேட்டால் மூன்றாம் கியரைத்தான் கேட்டிருப்பாள். அப்பாவிடம் யாராவது அன்று ஒரு 5கேயைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் கும்பிட்டு வாங்கிப் பூட்டியிருப்பார். இரண்டாம் கியரை அவர் விரும்பிப் போட்டதில்லை. அதில் பெற்றோல் குடிக்கும், தண்ணீர் கொதிக்கும், கைக்காசு கரையும். எனக்கு அது மலையாகவும் மனிதர்களாகவும் மிஞ்சியது என்றால், கஷ்டம் அவருடையதாகவும் ஜன்னல் என்னுடையதாகவும் இருந்ததால்தான். காரைப் பழையபடி செய்துவிட்டோம் என்று அக்கா மகன் எல்லோருக்கும் சொல்கிறான். தகரமும் பெயின்டும் திரும்பி வந்தன, பின்கதவு அன்றைக்குப் போலவே தூக்குகிறது. கூட ஓடி வந்த அக்காமாரில் பாதிப் பேர் இந்தியாவில் எங்கேயோ, மிச்சப் பேரின் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வெளிநாட்டு வீடுகளிலும். ஓடி வர ஆள் இல்லாத மலையில் இரண்டாம் கியரில் ஏறி யாருக்காக நேரத்தைக் கொடுப்பது?

4கேயை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். அக்காவுக்கு அதை வீட்டிலேயே வைக்க ஆசை. கோழிக்கூட்டுப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறதாம். இரும்பு விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்து போனார்கள். கடைசியில் காவத்தைப் பக்கத்து ஸ்கூல் வேன்காரர் ஒருவர் பாஸ் மூலம் வந்தார். பழைய லைட் ஏஸ், அதன் 4கே வெடித்துவிட்டதாம். எங்களிடம் இஞ்சின் இருந்தது, ஆனால் அதன் எண்ணெய்த் தொட்டி காருக்குப் போய்விட்டதே என்று யோசித்தோம். 5கேயிலிருந்து கழற்றிய வேன் தொட்டி மூலையில் சும்மா கிடந்தது. அதைத் துடைத்துப் பூட்டினால் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. சூடாக்கி, தகடு வைத்து, காதும் வைத்து, பாஸ் எட்டு டாப்பட்டையும் சரி செய்து கொடுத்தார். பன்னிரண்டு பிள்ளைகளையும் புத்தகப் பைகளையும் ஏற்றினால் அந்த வேன் எந்த ஏற்றத்திலும் இரண்டாம் கியருக்கு மேல் போகாது என்று வேன்காரரிடம் ஒளிக்காமல் சொன்னோம். “பரவாயில்லண்ணே, கால் மணி நேரம் முந்தி எடுத்தாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, இரண்டாயிரம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். மூவாயிரம் குறைத்தோம்.